2147483647 பகா எண்ணாக இருப்பது தற்செயலா?

அரைப்புள்ளி
நிரல்களில் முழு எண்களை வைக்கும் 32 பிட் இன்ட் வகையில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. நிரல் எழுதுகிற எல்லோருக்கும் இது மனப்பாடம். நம் கணக்கில் சொன்னால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. எண்களின் பண்புகளைப் பட்டியல் போடும் ஒரு தளத்தில் இதைச் சும்மா தட்டிப் பார்த்தேன். பகா எண் என்று வந்தது. அதோடு நிற்கவில்லை, மெர்சென் பகா எண், இரட்டை மெர்சென் எண், குறைவெண், காஸ் பகா எண், இன்னும் என்னென்னவோ என்று கீழே போய்க்கொண்டே இருந்தது.

எனக்கு இரண்டு சந்தேகம். கணினியின் வரம்பாக இருக்கிற எண்ணே பகா எண்ணாகவும் அமைந்தது தற்செயலா, இல்லை யாராவது யோசித்து வைத்தார்களா? அப்புறம், அந்தப் பட்டியலில் எதை உருப்படியான பண்பு என்று எடுத்துக்கொள்வது, எது சும்மா இடத்தை அடைக்கிறது?

நள்ளிரவு_நிரலர்
யாரும் யோசித்து வைக்கவில்லை. 32 பிட்டில் ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விடும், மீதி 31. அந்த 31 இடத்திலும் 1 போட்டால் 2^31 − 1. அவ்வளவுதான் கதை. வன்பொருள் செய்தவர்கள் பார்த்தது 8, 16, 32, 64 என்று அகலம் இரட்டிப்பதை மட்டும்தான், பகா எண்ணா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 16 பிட்டின் வரம்பு 32767. அது பகா எண் இல்லையே, 7 × 31 × 151. 64 பிட்டின் வரம்பும் பகா எண் இல்லை. ஆகவே 32இல் அமைந்தது அதிர்ஷ்டம், கேஸ் முடிந்தது.

மீதி_ஒன்று
கேஸ் முடியவில்லை நண்பரே. யாரும் திட்டமிடவில்லை என்பது சரி. ஆனால் 16இல் அமையாமல் 32இல் அமைந்ததற்குக் காரணம் இருக்கிறது, வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது.

2இன் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்து ஒரு எண் செய்கிறோம் என்றால், அடுக்கு பகு எண்ணாக இருந்தால் வரும் எண்ணும் பகு எண்ணாகத்தான் இருக்கும். அடுக்கு 15 என்று வையுங்கள், 15 = 3 × 5. இருமத்தில் எழுதினால் பதினைந்து 1கள் வரிசையாக நிற்கும். அதை மூன்று மூன்றாக வெட்டலாம், ஒவ்வொரு துண்டும் 111, அதாவது 7. ஆகவே 7ஆல் வகுபடும். ஐந்து ஐந்தாக வெட்டினால் 11111, அதாவது 31. ஆகவே 31ஆலும் வகுபடும். 32767இன் காரணிகளில் 7உம் 31உம் இருப்பது இப்படித்தான். 63ஐ எடுத்தால் 7 × 9. அதனால் 64 பிட் வரம்பான 9223372036854775807இல் 2^7 − 1 = 127 உட்கார்ந்தே ஆக வேண்டும், 2^9 − 1 = 511 = 7 × 73உம் அப்படியே. முழுதாகப் பிரித்தால் 7 × 7 × 73 × 127 × 337 × 92737 × 649657. 

31ஐ இப்படி வெட்ட முடியாது, அது பகா எண். அதனால் 2^31 − 1க்கு ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. வாய்ப்புதான், உத்தரவாதம் இல்லை. அடுக்கு 11 பகா எண்தான், ஆனால் 2^11 − 1 = 2047 = 23 × 89.

கறார்_கந்தன்
பத்து இலக்க எண்ணைப் பெரிய எண் என்று சொல்லி ஒரு இழையா? 2024 அக்டோபரில் அறிவித்த 2^136279841 − 1 பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துச் சொச்சம் இலக்கங்கள். 2147483647 பகா எண்ணா என்று இன்றைக்கு ஒரு கைப்பேசி கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். இதில் பேச என்ன இருக்கிறது?

தொப்பி_வாத்தியார்
கந்தன் தம்பி, கைப்பேசி இல்லாத காலத்தில் இதற்கு எவ்வளவு பாடுபட்டார்கள் என்று பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள்.

இத்தாலியில் கட்டால்டி என்பவர் 1588இல் 2^19 − 1, அதாவது 524287, பகா எண் என்று கண்டுபிடித்தார். எப்படி? வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்துத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண்ணைத் தரும் என்று சொல்லிவிட்டார். ஃபெர்மா 1640இல் இரண்டைக் கவிழ்த்தார்: 2^23 − 1 = 47 × 178481, 2^37 − 1ஐ 223 வகுக்கும். 29ஐ ஆய்லர் 1738இல் கவிழ்த்தார், 233 × 1103 × 2089. நான்கில் தப்பியது 31 மட்டும். இடையில் 1644இல் பாரிசில் மெர்சென் பாதிரியார், பகா எண்ணைத் தரும் அடுக்குகள் என்று தன் பட்டியலைப் போட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இதில் 67உம் 257உம் தப்பு. 61, 89, 107 விடுபட்டுப் போயின. இத்தனை ஓட்டை உள்ள பட்டியலை வைத்துத்தான் இந்த வகை எண்கள் அத்தனைக்கும் அவர் பெயர் நிலைத்துவிட்டது, அது ஒரு வேடிக்கை.

31ஐப் பற்றி மெர்சென் சொன்னது சரி. ஆனால் சொன்னாரே ஒழிய நிறுவவில்லை. நிறுவியது ஆய்லர், 1772இல், பெர்னூலி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுக்கப் போயிருந்தது. கட்டால்டி வழியில் போனால் வர்க்கமூலமான 46340 வரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுக்க வேண்டும், நாலாயிரத்து எழுநூற்றுக்கும் மேல் வரும். ஆய்லர் அதை அதிகபட்சம் 372 வகுத்தல்களுக்குக் கொண்டுவந்தார். அப்புறம் 1867 வரை, 95 ஆண்டு, உலகுக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் இதுதான்.

அரைப்புள்ளி
வாத்தியார் ஐயா, அந்த 372 எங்கிருந்து வந்தது? எதை விட்டுவிடலாம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மீதி_ஒன்று
நான் சொல்கிறேன், இது இந்த எண்ணிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ம என்ற ஒரு பகா எண் 2^31 − 1ஐ வகுக்கிறது என்று வைப்போம். அப்படியானால் 2ஐ மறுபடி மறுபடி பெருக்கி மவால் வகுத்து மீதி பார்த்துக்கொண்டே போனால், 31ஆவது படியில் மீதி 1 வரும். அதற்கு முன்னால் 1 வருமா? வந்தால் அந்தப் படி எண் 31ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண், ஆகவே வராது. இன்னொரு பக்கம் ஃபெர்மாவின் சிறு தேற்றம், ம − 1ஆவது படியிலும் மீதி 1 வரும் என்கிறது. இரண்டையும் சேர்த்தால் 31 என்பது ம − 1ஐ வகுத்தே ஆக வேண்டும். ம ஒற்றைப்படை, அதனால் ம − 1 இரட்டைப்படை. ஆகவே 62 வகுக்கும். 63, 125, 187, 249 என்று 62ஆல் வகுத்தால் மீதி 1 வருகிற எண்களை மட்டும் பார்த்தால் போதும், மற்றவை எல்லாம் ஒரே வீச்சில் போய்விட்டன.

இன்னும் ஒரு வீச்சு பாக்கி இருக்கிறது. மவைப் பொறுத்தவரை 2^31 என்பது 1, ஆகவே 2^32 என்பது 2. ஆனால் 2^32 ஒரு முழு வர்க்கம், 2^16இன் வர்க்கம். அதாவது மவின் உலகத்தில் 2 என்பதே ஒரு வர்க்க எண். எந்தப் பகா எண்களின் உலகத்தில் 2 வர்க்கமாக இருக்கும்? 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வருகிற பகா எண்களில் மட்டும். இந்த நிபந்தனையையும் சேர்த்தால் 248ஆல் வகுத்து மீதி 1 அல்லது 63 வருகிற எண்களே மிஞ்சும். 46340 வரை எண்ணிப் பாருங்கள், மீதி 1 வகையில் 186, மீதி 63 வகையில் 187, மொத்தம் 373. அதில் முதலில் நிற்கும் 63 என்பது 7 × 9, அதை விட்டால் 372. அதிலும் பகா எண்களை மட்டும் வகுத்தால் போதும் என்பதால் உண்மையான வேலை இன்னும் குறைவு.

நள்ளிரவு_நிரலர்
இதைப் படித்ததும் ஒரு வரி நிரல் எழுதி 373ஐச் சரிபார்த்தேன். சரியாக வருகிறது. ஆனால் இன்றைக்கு யாரும் இப்படி வகுக்க மாட்டார்கள், லூக்கா–லேமர் சோதனை இருக்கிறதே. 4இல் தொடங்கு, வர்க்கப்படுத்து, 2ஐக் கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடு. திரும்பத் திரும்ப அதையே செய். அடுக்கு 31 என்றால் 29 முறை செய்ததும் 0 வர வேண்டும், வந்தால் பகா எண். 2^5 − 1 = 31க்குக் கையிலேயே போடலாம்: 4, 14, அடுத்து 194ஐ 31ஆல் வகுத்தால் மீதி 8, அடுத்து 64 − 2 = 62, மீதி 0. மூன்றே படி, முடிந்தது. 29 படி என்றால் ஒரு நாள் உட்கார்ந்து காகிதத்திலேயே போட்டுவிடலாம். கந்தன் சொன்ன 4 கோடி இலக்க எண்ணும் கடைசியில் இதே சோதனையில்தான் உறுதியானது.

எண்சாண்
எல்லாம் சரி, கூட்டு எண்ணை யாரும் பார்க்கவில்லையா? 2+1+4+7+4+8+3+6+4+7 = 46, 4+6 = 10, 1+0 = 1. சூரியனின் எண். முதல் இடத்திலேயே இருந்ததற்கு இதுதான் காரணம் 🙂

காரணி
சிரிப்புக்குறி போட்டதால் தப்பித்தீர்கள் எண்சாண். ஆனால் அந்த 1க்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. கூட்டு எண் 1 என்றால் 9ஆல் வகுத்து மீதி 1 என்றுதான் அர்த்தம். 2^6 = 64ஐ 9ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 2^30க்கும் மீதி 1, 2^31க்கு மீதி 2, ஒன்றைக் கழித்தால் 1. ஜோசியக்காரர் யாராவது இதைச் சொல்வாரா?

அரைப்புள்ளி கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த மாதிரிப் பட்டியலைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பண்பு எண்ணைப் பற்றியதா, நாம் அதை எழுதுகிற விதத்தைப் பற்றியதா? இலக்கங்களின் கூட்டுத்தொகை, திருப்பிப் போட்டால் 7463847412 வருகிறது, அது இரட்டைப்படை, ஆகவே திருப்பினாலும் பகா எண்ணாகிற வகை இல்லை, இதெல்லாம் நமக்குப் பத்து விரல் இருப்பதால் வந்த பேச்சு. எட்டடிமானத்தில் எழுதினால் 1ம் அதன் பின் பத்து 7களும் நிற்கும், வேறு "பண்புகள்" முளைக்கும். இவற்றை யோசிக்காமல் தள்ளிவிடலாம்.

அடுத்தது, ஒன்றிலிருந்து தானாக வந்துவிடுகிறவை. குறைவெண் என்று போட்டிருக்கிறது. தன்னைத் தவிர மற்ற வகுஎண்களின் கூட்டுத்தொகை தன்னைவிடக் குறைவு என்று பொருள். பகா எண்ணுக்கு அந்தக் கூட்டுத்தொகை எப்போதும் 1தானே, எல்லாப் பகா எண்ணும் குறைவெண்தான், இதை எழுதுவது சாப்பாட்டு ராமனுக்கு வாய் உண்டு என்று சான்றிதழ் கொடுப்பது போல. காஸ் பகா எண் என்பது கொஞ்சம் மேல். 4ஆல் வகுத்தால் மீதி 3, அதனால் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது, கலப்பெண்களுக்குள் போனாலும் உடையாது. இன்னும் ஒரு படி போனால் 8ஆல் வகுத்து மீதி 7, ஆகவே மூன்று வர்க்கங்களாலும் எழுத முடியாது, நான்கு கட்டாயம் வேண்டும். ஆனால் இதெல்லாம் இருமத்தில் கடைசி மூன்று இடங்களும் 1 என்பதிலிருந்து வந்துவிடுகிறது. 2^31 − 1 என்று எழுதிய மறு நொடியே கையில் இருக்கிற விஷயம்.

இல்லாத பண்புகளையும் பாருங்கள், அது இன்னும் சுவை. இரட்டைப் பகா எண்ணா? இரண்டு குறைத்தால் 5இல் முடியும், இரண்டு கூட்டினால் 2^31 + 1, அது 3ஆல் வகுபடும். ஆகவே தனிக்கட்டை. முன்னால் உள்ள பகா எண் 2147483629, பின்னால் 2147483659. பாதுகாப்பான பகா எண்ணா? ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் 2^30 − 1, அது 3ஆல் வகுபடும். இல்லை. சோஃபி ஜெர்மைன் பகா எண்ணா? இரட்டித்து ஒன்று கூட்டினால் 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. அதுவும் இல்லை.

தொப்பி_வாத்தியார்
அந்தக் கடைசி எண்ணை அப்படிச் சாதாரணமாகத் தாண்டிப் போகக்கூடாது காரணி! 3, 5, 17, 257, 65537, இன்றுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் (2இன் அடுக்கோடு 1 கூட்டி வரும் ஒற்றைப்படைப் பகா எண்கள்) இந்த ஐந்தே. ஐந்தையும் பெருக்கியதுதான் 4294967295. வெறும் அளவுகோல், கவராயம் கொண்டு வரையக்கூடிய ஒழுங்குப் பலகோணங்களில், பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ளவற்றில், நமக்குத் தெரிந்த மிகப் பெரியது 4294967295 பக்கம் கொண்டது. வரைந்தால் வட்டத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது, அது வேறு.

இன்னும் இரண்டு தள்ளினால் 4294967297, அதாவது 2^32 + 1. இதுவும் பகா எண் என்று ஃபெர்மா நம்பினார். ஆய்லர் 1732இல் 641 × 6700417 என்று உடைத்தார். ஒரே ஆள் இருபத்தைந்து வயதில் 2^32 + 1ஐ உடைக்கிறார், நாற்பது ஆண்டு கழித்து 2^31 − 1ஐ உடைக்க முடியாது என்று நிறுவுகிறார். இரண்டு இடத்திலும் கருவி ஒன்றுதான், மேலே மீதி_ஒன்று சொன்ன அதே வாதம். அங்கே காரணிகள் 64ஆல் வகுத்து மீதி 1 வர வேண்டும். 641 = 64 × 10 + 1.

கறார்_கந்தன்
சரி, வரலாறு நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பகா எண்ணாக இருப்பதால் யாருக்காவது எதற்காவது பயன்பட்டதா? வரம்பாகப் பயன்படுகிறது என்று சொல்லாதீர்கள், வரம்பாக இருக்கப் பகாத்தன்மை தேவையில்லை. 16 பிட்காரர்கள் 32767ஐ வைத்துப் பிழைக்கவில்லையா?

நள்ளிரவு_நிரலர்
பயன்பட்டது. சமவாய்ப்பு எண் உருவாக்குவதில்.

லேமர் முறை என்று ஒன்று. ஒரு எண்ணை எடு, 16807ஆல் பெருக்கு, 2147483647ஆல் வகுத்து மீதியை எடு, அதுதான் அடுத்த எண். பார்க், மில்லர் இருவரும் 1988இல் குறைந்தபட்சத் தரம் என்று முன்வைத்தது இதைத்தான். சி++ நூலகத்தில் இன்றும் இந்த வகை இருக்கிறது. வகுக்கும் எண் பகா எண்ணாக இருந்தால், பெருக்கும் எண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களையும் ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் சுற்று திரும்பும். ஒன்றைக்கூட விடாது. மீதி எடுப்பதும் சுலபம், வகுக்கவே வேண்டாம், 2^31 என்பது 1க்குச் சமம் என்பதால் மேல் பிட்டுகளை வெட்டிக் கீழ் பிட்டுகளோடு கூட்டினால் போதும். 32 பிட் கணினிக்குள் அடங்க வேண்டும், பகா எண்ணாகவும் இருக்க வேண்டும், வகுத்தலும் மலிவாக இருக்க வேண்டும் என்றால் இதைவிட்டால் வேறு எங்கே போவது?

அரைப்புள்ளி
16807 ஏன்? அது என்ன கணக்கு?

மீதி_ஒன்று
16807 = 7^5. முழுச் சுற்று வர வேண்டுமானால் பெருக்கும் எண் முதன்மை மூலமாக இருக்க வேண்டும், அதாவது அதன் அடுக்குகளின் மீதிகள் 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களையும் தொட வேண்டும். 2147483647க்கு மிகச் சிறிய முதன்மை மூலம் 7. 2ஐப் போட்டால் 31 படியிலேயே திரும்பி வந்து நிற்கும், அது தெரிந்த கதை. 7 சரியாக வேலை செய்கிறது, ஆனால் மிகச் சிறிய எண், பெருக்கினால் பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு இடையே உறவு கண்ணுக்கே தெரியும். அதனால் ஒரு அடுக்கு ஏற்ற வேண்டும். எந்த அடுக்கு? 2147483646உடன் பொதுக் காரணி இல்லாத அடுக்கு. 2147483646 = 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. 2 கூடாது, 3 கூடாது, 4 கூடாது. 5 கூடும். 7^5.

மொத்தம் எத்தனை முதன்மை மூலங்கள் என்றும் இதிலிருந்தே சொல்லலாம்: 1 × 6 × 6 × 10 × 30 × 150 × 330 = 53 கோடியே 46 லட்சம். ஏறக்குறைய நாலில் ஒன்று. ஆகவே தேர்வுக்குப் பஞ்சமில்லை, பின்னாளில் 48271க்கு மாறினார்கள்.

ஒரு எச்சரிக்கை: கடவுச்சொல், குறியாக்கம் மாதிரி விஷயங்களுக்கு இந்த முறை ஆகவே ஆகாது. ஒரு எண் தெரிந்தால் அடுத்தது எல்லாம் தெரிந்துவிடும்.

காரணி
நான் கேள்விப்பட்ட பயன் இன்னொன்று உண்டு, ஆனால் அதைப் பயன் என்று சொன்னால் கந்தன் அடிக்க வருவார். நிறைவெண். 2^30 × (2^31 − 1) = 2305843008139952128. தன் வகுஎண்களைக் கூட்டினால் தானே வருகிற எண், எட்டாவது நிறைவெண் இது. யூக்ளிட் காட்டிய வழி: மெர்சென் பகா எண் ஒன்று கிடைத்தால் நிறைவெண் ஒன்று இலவசம். இரட்டைப்படை நிறைவெண் எல்லாம் இப்படித்தான் வரும் என்று மறுதிசையை நிறுவியது, வேறு யார், ஆய்லர். இங்கிலாந்தில் பார்லோ என்பவர் 1811இல் இந்த 19 இலக்க எண்ணைச் சொல்லி, இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, இவை வெறும் வேடிக்கை, பயனற்றவை, யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்று எழுதிவைத்தார். 1883இல் பெர்வூஷின் என்ற ரஷ்யப் பாதிரியார் 2^61 − 1 பகா எண் என்று காட்டி ஒன்பதாவதையும் எடுத்து வைத்தார். மெர்சென் பட்டியலில் விடுபட்ட அதே 61.

கறார்_கந்தன்
பார்லோ என் கட்சி 🙂

தொப்பி_வாத்தியார்
நம் ஊர்க்காரர் ஒருவரையும் இங்கே இழுக்கலாம், வம்புக்கு இல்லை, பொருத்தம் இருக்கிறது. பகா எண்ணுக்கு நேர் எதிர்க்கோடி எது? வகுஎண்கள் மிக அதிகமாக உள்ள எண். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணைவிடவும் அதிக வகுஎண்கள் கொண்டதை மிகு பகு எண் என்று வைத்து 1915இல் நீண்ட கட்டுரை எழுதினார் ராமானுஜன், லண்டன் கணிதக் கழக இதழில் வந்தது. இன்ட் வரம்புக்குள் அடங்கும் கடைசி மிகு பகு எண் 2095133040. அதை 16 × 81 × 5 × 7 × 11 × 13 × 17 × 19 என்று பிரிக்கலாம். வகுஎண்களின் எண்ணிக்கை 5 × 5 × 64 = 1600. அடுத்த மிகு பகு எண் 2205403200, அது வரம்பைத் தாண்டிவிட்டது. ஆக, இரண்டே வகுஎண் உள்ள வரம்புக்கு ஐந்து கோடி சொச்சம் கீழே 1600 வகுஎண் உள்ள எண் நிற்கிறது. அவர் கையால் போட்ட அட்டவணை 6746328388800 வரை போகிறது, அத்தனையிலும் விடுபட்டது ஒரே ஒரு எண், 293318625600.

நள்ளிரவு_நிரலர்
போட்டி நிரலாக்கம் செய்கிறவர்களுக்கு அந்த 1600 நன்றாகத் தெரிந்த எண். "ஒரு இன்ட்டுக்கு அதிகபட்சம் எத்தனை வகுஎண்" என்று கணக்குப் போட்டுத்தானே நிரலில் அவற்றைச் சேமிக்கும் அணியின் (அரே) அளவை வைக்கிறோம்.

வரம்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லி வைக்கிறேன். 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை 32 பிட்டில் எண்ணுகிற பழைய கருவிகளுக்கு 2147483647ஆவது வினாடி 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07. அடுத்த வினாடி 1901 டிசம்பருக்குப் போய்விடும். யூடியூபிலும் ஒரு கொரியப் பாட்டின் பார்வைக் கணக்கு இந்த வரம்பைத் தொட்டபோது 64 பிட்டுக்கு மாற்றியதாக 2014 டிசம்பரில் அறிவித்தார்கள். இதில் பகா எண்ணுக்கு வேலை இல்லை, தெரியும்.

அரைப்புள்ளி
சரி, பட்டியல் விஷயம் புரிந்தது. அடிப்படை ஒன்றுதான், 2^31 − 1 பகா எண் என்பது, மற்றவை அதிலிருந்து வருகின்றன அல்லது எழுதும் விதத்தால் வருகின்றன. ஆனால் "இரட்டை மெர்சென்" என்பதை யாரும் தொடவில்லையே, அது எந்தக் கணக்கில் சேரும்?

மீதி_ஒன்று
உங்கள் முதல் கேள்விக்குப் பதிலே அதுதான். வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன்.

கணினியின் அகலம் 2இன் அடுக்காகவே போகிறது: 4, 8, 16, 32, 64, 128. குறிக்கு ஒன்று போனால் 3, 7, 15, 31, 63, 127. அதாவது வரம்பின் அடுக்கே ஒரு மெர்சென் வடிவ எண். அந்த அடுக்கு பகா எண்ணாக இருக்க வேண்டும் என்று மேலே பார்த்தோம். அப்படியானால் அடுக்கே மெர்சென் பகா எண்ணாக இருக்க வேண்டும். மெர்சென் பகா எண்ணை அடுக்காக வைத்துச் செய்த மெர்சென் எண்ணுக்குத்தான் இரட்டை மெர்சென் என்று பெயர். ஆக "எத்தனை பிட் கணினியில் வரம்பு பகா எண்ணாகும்?" என்று நீங்கள் கேட்டதும், "எந்த இரட்டை மெர்சென் எண்கள் பகா எண்?" என்று எண்கோட்பாட்டுக்காரர்கள் கேட்பதும் ஒரே கேள்வி.

4 பிட்: 7, பகா எண். 8 பிட்: 127, பகா எண். 32 பிட்: நம்முடையது. 128 பிட்: 2^127 − 1, லூக்கா 1876இல் நிறுவியது, 39 இலக்கம், பகா எண். 16, 64, 256, 512, 1024 எல்லாம் அடுக்கிலேயே அடிபட்டுவிடும். 2048 பிட்டில் அடுக்கு 2047, அது 23 × 89. 4096 பிட்டும் அடுக்கில் அடிபடும். 8192 பிட்டில் அடுக்கு 8191, அது பகா எண்தான், நம்பிக்கையோடு போனால் 2^8191 − 1ஐ 338193759479 வகுத்துவிடுகிறது. அடுத்த வாய்ப்பு அடுக்கு 131071, அதில் வரும் எண்ணை 231733529 வகுக்கும். அடுத்தது 524287, அதில் வரும் எண்ணை 62914441 வகுக்கும். அதற்கு அடுத்த அடுக்குதான் 2147483647.

கறார்_கந்தன்
அதாவது 2^2147483647 − 1? அது பகா எண்ணா? 64 கோடி இலக்கத்துக்கு மேல் வருமே, யார் சோதிப்பது?

மீதி_ஒன்று
முழுதாகச் சோதிக்க வேண்டாம். காரணிகள் 2 × 2147483647இன் மடங்கோடு 1 சேர்ந்த வடிவில்தான் இருக்கும், ஆய்லரின் அதே வாதம். மடங்கை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனால் 68745இல் மாட்டுகிறது: 2 × 68745 × 2147483647 + 1 = 295257526626031. இது 2^2147483647 − 1ஐ வகுக்கும். ஆகவே பகா எண் இல்லை.

அரைப்புள்ளி
பைத்தானில் போட்டுப் பார்த்தேன். 2இன் 2147483647ஆவது அடுக்கை 295257526626031ஆல் வகுத்து மீதி, அடுக்கு எண்ணை முழுதாக விரிக்காமல். விடை 1. என்டர் தட்டியதும் வந்துவிட்டது.

அப்படியானால் 4, 8, 32, 128, இந்த நான்கோடு முடிந்ததா?

மீதி_ஒன்று
யாருக்கும் தெரியாது. அடுத்த வாய்ப்பு அடுக்கு 2^61 − 1, அதாவது 2305843009213693951. அந்த இரட்டை மெர்சென் எண்ணுக்குக் காரணி தேடிக்கொண்டிருக்கிறார்கள், இதுவரை ஒன்றும் மாட்டவில்லை. லூக்கா–லேமர் போடலாம் என்றால் எண்ணை எழுதி வைக்கவே 2^61 பிட் நினைவகம் வேண்டும்.

நள்ளிரவு_நிரலர்
2^61 பிட் என்றால் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஒரு டெராபைட் வட்டுகள். அதில் ஒரே ஒரு எண். வர்க்கப்படுத்துவதைப் பற்றி நான் பேசவே இல்லை.